ஹீலா ஆற்றுத் தண்ணீர்: பழங்குடி வயலுக்கா, சிப் ஆலைக்கா?

தெற்குவாசல் (சாண்ட்லர், அரிசோனா)

சாண்ட்லருக்குக் குடிவந்து ஒன்பது வருடம் ஆகிறது, வேலை சிப் ஆலையில். போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது நம் ஊர்ப் பையன் ஒருவன் சொன்னது மனதில் தைத்துவிட்டது. "பாலைவனத்தில் இந்தப் பழங்குடிகளுக்கு எதற்கு இவ்வளவு தண்ணீர், மாட்டுத் தீவனமான குதிரைமசால் போட்டு வீணாக்குகிறார்கள், ஆலைக்குக் கொடுத்தால் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்" என்றான். நல்ல பையன்தான், கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே அரிசோனாவில் இருப்பவர்களும் இருக்கிறீர்கள், ஊரில் பாசனம் தெரிந்தவர்களும் இருக்கிறீர்கள், அதனால் பேசலாம் என்று தொடங்குகிறேன்.

எங்கள் ஊர் எல்லை தாண்டினால் ஹீலா நதிப் பழங்குடிச் சமூகத்தின் நிலம். 1859இல் ஒதுக்கியது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இப்போது சுமார் 3,72,000 ஏக்கர். வெளியார் அவர்களை பீமா என்பார்கள். அவர்கள் தங்களை அக்கிமெல் ஓஒதம் என்கிறார்கள், அப்படியென்றால் ஆற்று மக்கள். அவர்களுடைய முன்னோர் இந்த மண்ணில் நூற்றுக்கணக்கான மைல் வாய்க்கால் வெட்டி, ஆயிரம் ஆண்டுக்கு மேல் பாசனம் செய்திருக்கிறார்கள். இன்று ஃபீனிக்ஸ் நகரில் ஓடும் கால்வாய்கள் சில அந்தப் பழைய வாய்க்கால் தடத்திலேயே வெட்டப்பட்டவை. 1849இல் தங்கம் தேடி கலிஃபோர்னியாவுக்குப் போன கூட்டம் இந்த வழியாக வந்தபோது சோறு போட்டது, அதாவது கோதுமை கொடுத்தது, இவர்கள்தான். விளைச்சல் போக விற்கவும் மிச்சம் இருந்தது, உள்நாட்டுப் போரில் படைக்கும் விற்றார்கள்.

அப்புறம் 1860களின் முடிவிலிருந்து மேல்மடையில், ஃப்ளாரன்ஸ் பக்கமும் அதற்கும் மேலேயும், குடியேறியவர்கள் ஆற்றைத் திருப்ப ஆரம்பித்தார்கள். 1887இல் ஃப்ளாரன்ஸ் கால்வாய் வந்தது. கீழே இருந்தவர்களுக்கு மணல்தான் மிச்சம். 1890களில் பஞ்சம். கோதுமை விற்றுக்கொண்டிருந்த மக்கள் சீமைக்கருவேல இனத்து மெஸ்கீட் மரங்களை வெட்டி விறகு விற்றுப் பிழைத்தார்கள். அரசு கொடுத்த வெள்ளை மாவும் கொழுப்பும் உணவானது. இன்று உலகத்திலேயே சர்க்கரை நோய் மிக அதிகமாகப் பதிவான சமூகங்களில் இது ஒன்று, 1965 முதல் இவர்களை வைத்தே அந்த நோயை ஆராய்ந்திருக்கிறார்கள். ஆறு போனதற்கும் அந்த நோய்க்கும் உள்ள தொடர்பை யாரும் எனக்கு வந்த புதிதில் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை 10இல் டூசான் போகும்போது ஒரு பாலம் வரும், 'ஹீலா ஆறு' என்று பலகை இருக்கும், கீழே பெரும்பாலான நாட்களில் மணல். இத்தனை வருடத்தில் எத்தனை முறை கடந்திருப்பேன், ஒருநாளும் இது ஏன் மணலாகக் கிடக்கிறது என்று கேட்டதில்லை.

கணக்குப்பிள்ளை (ஃபீனிக்ஸ்)

நீங்கள் சொன்ன வரலாறு வருத்தமானது, மறுக்கவில்லை. ஆனால் இன்றைக்கு என்ன செய்வது என்பது வேறு கேள்வி. அரிசோனா செலவழிக்கும் தண்ணீரில் ஏறத்தாழ 70 விழுக்காடு விவசாயத்துக்குப் போகிறது, தொழிற்சாலைக்குப் போவது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிப் ஆலை தண்ணீரை மிக மிகச் சுத்தம் செய்துதான் பயன்படுத்துகிறது, பயன்படுத்தியதைத் திரும்பச் சுத்திகரித்து மறுபடியும் எடுத்துக்கொள்கிறது. 45 டிகிரி வெயிலில் குதிரைமசாலுக்கு வெள்ளமாகப் பாய்ச்சினால் நிறைய ஆவியாகத்தான் போகும். ஒரு ஏக்கர்-அடி, அதாவது ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் தண்ணீரில் வயல் கொடுக்கும் வருமானத்தையும் ஆலை கொடுக்கும் வருமானத்தையும் ஒப்பிடவே முடியாது. பழங்குடி என்பதற்காக இந்தக் கணக்கு மாறாது என்றுதான் நினைக்கிறேன். தப்பென்றால் சொல்லுங்கள்.

கொடிவேரியான் (கோபிசெட்டிபாளையம்)

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு. வருமானத்தைப் பார்த்துத் தண்ணீர் விடுவது என்றால் எங்கள் வாய்க்காலில் ஒரு சொட்டு வராது, மேட்டுப்பாளையத்திலேயே நின்றுவிடும். பாசனத்தில் முதல் கேள்வி யார் முந்தி என்பதுதான்.

எங்கள் பக்கத்தில் பழைய ஆயக்கட்டு, புதிய ஆயக்கட்டு என்று இரண்டு உண்டு. கொடிவேரி அணையிலிருந்து போகும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள், அதற்குக் கீழே 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்கால், இவை பழையவை. 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் வந்தது, 2.07 லட்சம் ஏக்கர், அது புதியது. தண்ணீர் குறைந்த வருடத்தில் பழைய ஆயக்கட்டின் உரிமைக்குத்தான் முதலிடம், மீதிதான் புதியதற்கு. இதற்காக எத்தனை வழக்கு, எத்தனை மறியல், ஆனால் 'நீ என்ன பயிர் வைக்கிறாய், எவ்வளவு சம்பாதிக்கிறாய்' என்று கேட்டு உரிமையைத் தீர்மானித்ததில்லை.

அங்கே அந்த மக்கள் ஆயிரம் வருடத்துப் பழைய ஆயக்கட்டு. அமெரிக்காவில் இந்த முந்தி உரிமைக்குச் சட்டம் இல்லையா? இருந்தால் மேல்மடைக்காரன் எப்படிக் கட்டினான்?

இன்னொன்று. திருப்பூர், கோவை மில்களுக்கு அமெரிக்காவிலிருந்து பீமா பருத்தி வருகிறதே, அந்தப் பெயர் இந்த மக்களுடையதா?

தெற்குவாசல்

கொடிவேரியான் அண்ணா, ஆமாம், அதே பெயர்தான். அவர்கள் ஊரான சாகட்டனில் அரசின் சோதனைப் பண்ணை இருந்தது, அங்கே அவர்கள் உழைப்பில் வளர்த்தெடுத்த நீண்ட இழைப் பருத்திக்கு அவர்கள் பெயரையே வைத்தார்கள்.

சட்டம் இருக்கிறது, அதுதான் இதில் வேதனையான பகுதி. மேற்கு அமெரிக்கா முழுக்க 'காலத்தில் முந்தியவர் உரிமையில் முந்தியவர்' என்பதுதான் நீர்ச் சட்டத்தின் அடிப்படை. உங்கள் பழைய ஆயக்கட்டு மாதிரியேதான். 1908இல் மான்டானாவில் மில்க் ஆறு சம்பந்தமான வின்டர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்று சொன்னது: ஒரு பழங்குடிக்கு நிலம் ஒதுக்கியபோதே, அங்கே வாழத் தேவையான தண்ணீரும் சேர்த்து ஒதுக்கப்பட்டதாகத்தான் பொருள். நிலம் ஒதுக்கிய தேதிதான் அதன் முன்னுரிமைத் தேதி, பயன்படுத்தாமல் விட்டதற்காக அந்த உரிமை போய்விடாது. ஹீலாவில் இன்னும் ஒரு படி மேலே போய், 1935 தீர்ப்பாணையில் இவர்களுக்கு 'நினைவுக்கெட்டாத காலம்' என்றே முன்னுரிமை கொடுத்து 2,10,000 ஏக்கர்-அடி எழுதியிருக்கிறது. நம் அளவில் 9 டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல். எல்லோருக்கும் முந்தி அவர்கள்தான் என்று நீதிமன்றமே எழுதிக் கொடுத்துவிட்டது.

ஆனால் எழுதியது காகிதத்தில். ஆற்றில் தண்ணீர் வந்தால்தானே.

அதற்கு முன்பே 1924இல் ஒரு சட்டம் போட்டு ஹீலாவின் மேல் கூலிட்ஜ் அணை கட்டினார்கள், 1930இல் திறந்தார்கள். முதல் நோக்கம் பீமா மக்களின் வயலுக்குத் தண்ணீர் என்று சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் ஆயக்கட்டை ஒரு லட்சம் ஏக்கர் என்று வகுத்து, பாதி பழங்குடிக்கு, பாதி வெளியாருக்கு என்று பிரித்துவிட்டார்கள். நீர்த்தேக்கம் பல ஆண்டுகள் நிறையவே இல்லை. வாய்க்கால் மராமத்தும் கிடையாது. கடைமடைக்கு எது வரும், சொல்லுங்கள். 1902இல் அமெரிக்க அரசு பாசனத் திட்டங்களுக்குப் பணம் ஒதுக்கத் தொடங்கியபோது இந்த ஹீலா அணைதான் முதலில் வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள், அது தள்ளிப்போய், ஃபீனிக்ஸ் குடியேறிகளுக்கான சால்ட் ஆற்று ரூஸ்வெல்ட் அணை 1911இலேயே முடிந்துவிட்டது.

உரிமை இல்லாமல் ஏமாந்தவர்கள் இல்லை இவர்கள். உரிமை கையில் இருந்தும் நூறு வருடம் தண்ணீர் வராமல் உட்கார்ந்திருந்தவர்கள். ஆலைக்குக் கொடு என்று சொல்பவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். அவர்களிடம் இருப்பது யாரோ போட்ட சலுகை இல்லை.

புதுவரவு (டெம்பி)

படிக்க வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, தெரியாமல் கேட்கிறேன். ஆறு மணலாகக் கிடக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் இப்போது அவர்களிடம் இருக்கும் 'இவ்வளவு தண்ணீர்' எங்கிருந்து வந்தது?

தெற்குவாசல்

நல்ல கேள்வி தம்பி. ஏறத்தாழ பாதி வேறு ஆற்றிலிருந்து வருகிறது. கொலராடோ ஆற்றிலிருந்து.

மத்திய அரிசோனா கால்வாய், 336 மைல், ஹவாசு ஏரியிலிருந்து பம்பு வைத்து ஏறத்தாழ 2,900 அடி மேலே ஏற்றி ஃபீனிக்ஸ், டூசான் வரை கொண்டுவருகிறார்கள். 1968இல் அனுமதி, 1973இல் வேலை தொடக்கம், 1993இல் முடிந்தது. இந்தக் கால்வாய் வருவதற்காக அரிசோனா ஒரு பெரிய விலை கொடுத்தது. தண்ணீர் குறைந்தால் கலிஃபோர்னியாவின் 44 லட்சம் ஏக்கர்-அடிக்குப் பிறகுதான் இந்தக் கால்வாய்க்கு என்று ஒப்புக்கொண்டது.

இவ்வளவு செலவு செய்து கால்வாய் வந்தபோது நகரங்களுக்கும் ஆலைகளுக்கும் ஒரு பயம் இருந்தது. வின்டர்ஸ் உரிமையோடு இந்தப் பழங்குடி வழக்கில் உட்கார்ந்திருக்கும்வரை ஹீலா, சால்ட் ஆறுகளில் யாருடைய தண்ணீரும் உறுதியில்லை. நகரம் வளர வேண்டும், கடன் வாங்க வேண்டும், ஆலை வர வேண்டும், அதற்கெல்லாம் தண்ணீர்க் கணக்கு தெளிவாக இருக்க வேண்டும். பல பத்தாண்டு வழக்குக்குப் பிறகு பேச்சுவார்த்தையில் முடிந்து, 2004 டிசம்பரில் அரிசோனா நீர்த் தீர்வுச் சட்டம் கையெழுத்தானது. ஹீலா சமூகத்துக்கு எல்லா ஆதாரமும் சேர்த்து ஆண்டுக்கு 6,53,500 ஏக்கர்-அடி. சுமார் 28.5 டிஎம்சி. மேட்டூர் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பது நமக்குத் தெரியும், அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. இதில் மத்திய அரிசோனா கால்வாயின் பங்கு மட்டும் 3,11,800 ஏக்கர்-அடி. மீதி ஹீலா, சால்ட், நிலத்தடி நீர், சுத்திகரித்த கழிவுநீர்.

அந்தக் கழிவுநீர் விஷயத்தைச் சாண்ட்லர்க்காரர்கள் எல்லோரும் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒப்பந்தப்படி சாண்ட்லரும் மேசாவும் தங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்து அந்த மக்களின் வயலுக்கு அனுப்புகின்றன. பதிலுக்கு அவர்கள் தங்கள் கொலராடோ பங்கிலிருந்து நமக்கு நல்ல தண்ணீர் விட்டுக்கொடுக்கிறார்கள். 5 பங்கு கழிவுநீருக்கு 4 பங்கு நல்ல தண்ணீர். அதாவது நாம் குளித்து, துவைத்து, கழுவி விட்டது அவர்களுடைய பருத்திக்கும் குதிரைமசாலுக்கும் போகிறது, அவர்களுக்கு வர வேண்டிய ஆற்று நீர் நம் சமையலறைக் குழாய்க்கு வருகிறது. 'வீணாக்குகிறார்கள்' என்று சொன்ன பையன் அன்றைக்குக் குடித்த தண்ணீரில் அவர்கள் பங்கும் கலந்திருக்கும். இது தெரிந்த அன்று இரவு எனக்குச் சரியாகச் சாப்பிடவே முடியவில்லை.

கணக்குப்பிள்ளை

5க்கு 4 விஷயம் எனக்குத் தெரியாது, பத்து வருடமாக இங்கே இருக்கிறேன். நன்றி.

இருந்தாலும் என் கேள்வியை விடவில்லை. உரிமை அவர்களுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அதை நகரத்துக்கும் ஆலைக்கும் குத்தகைக்கு விட்டுப் பணமாக வாங்கிக்கொள்ளலாமே? இரண்டு பக்கமும் லாபம். 2023 ஜூனில் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் நிலத்தடி நீரை மட்டும் நம்பிப் புதிய குடியிருப்புகளுக்கு அனுமதி இல்லை என்று மாநில அரசே சொல்லிவிட்டது, அதனால் விலை இன்னும் ஏறும். எதற்காக வெயிலில் உழ வேண்டும்?

வனமல்லி (ஜாம்ஷெட்பூர்)

இந்தக் கேள்வியை நான் வேறு இடத்தில் வேறு மொழியில் கேட்டிருக்கிறேன், அதனால் எழுதுகிறேன். அப்பா இங்கே வேலைக்கு வந்ததால் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். பக்கத்து ஆதிவாசிக் கிராமங்களில் பன்னிரண்டு வருடம் பள்ளிக்கூட வேலை.

குத்தகைக்கு விடுவது தப்பில்லை. ஆனால் விடலாமா வேண்டாமா என்று யார் சொல்வது என்பதுதான் விஷயம். சுபர்ணரேகா ஆற்றில் சாண்டில் அணை கட்டியபோது நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்கள் பாதிக்கப்பட்டன, பெரும்பாலும் ஆதிவாசிகள். பாசனம் வரும் என்று சொன்னார்கள். நகரத்துக்கும் ஆலைகளுக்கும் குழாய் போனது எல்லோருக்கும் தெரியும். நான் பாடம் சொன்ன ஒரு கிராமத்தில் ஏரிக்கரையிலேயே வீடு, வயலுக்கு வானம் பார்த்த மழைதான். ஒரு பாட்டி என்னிடம், "தண்ணி எங்க ஊரைத்தான் முழுங்குச்சு, எங்க வயலைத் தொடவே இல்லை" என்று அவர்கள் மொழியில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

ஒடிசாவில் ஹிராகுட், 1957இல் திறந்த அணை, வெள்ளத் தடுப்புக்கும் பாசனத்துக்கும் என்றுதான் கட்டியது. ஆலைகளுக்குத் தண்ணீர் ஒதுக்குவது கூடிக்கொண்டே போய், 2007 நவம்பரில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் அணையை நோக்கி ஊர்வலம் போனார்கள், தடியடி வாங்கினார்கள். 2002 தேசிய நீர்க் கொள்கையில் குடிநீர் முதலில், பாசனம் அடுத்து, தொழில் அதற்கெல்லாம் பின்னால் என்று அழகாக அடுக்கியிருந்தது. கொள்கை காகிதம், மதகின் சாவி வேறு கையில்.

இங்கே ஆதிவாசிக்கு இத்தனை டிஎம்சி என்று எழுதிய ஒரு தாள் கிடையாது. 1996 பெசா சட்டம் அட்டவணைப் பகுதிகள் எனப்படும் ஆதிவாசிப் பகுதிகளில் சிறு நீர்நிலைகளின் நிர்வாகத்தைப் பஞ்சாயத்துகளிடம் கொடுக்கிறது. சிறு நீர்நிலை மட்டும்தான். ஆறு அதில் வராது. 2006 வன உரிமைச் சட்டம் மீன், நீர்நிலையில் கிடைக்கும் பொருள் என்று உரிமை சொல்கிறது, ஆற்றில் இவ்வளவு தண்ணீர் என்று சொல்லவில்லை. அதனால் ஆலை வரும்போது பேசுவதற்கு உட்கார நாற்காலியே இல்லை. ஹீலா மக்களுக்கு அந்த நாற்காலியைக் கொடுத்தது 1908 தீர்ப்பும் அந்த எண்ணும்தான். உழுவதா, குத்தகையா, ஆற்றிலேயே விடுவதா என்று அவர்கள் முடிவு செய்யட்டும். கணக்குப்பிள்ளை சார், உங்கள் கணக்கு சரியாகவே இருக்கலாம், ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியது அவர்கள்.

தெற்குவாசல் அண்ணாவுக்கு ஒரு கேள்வி. கூலிட்ஜ் அணை யாருடைய நிலத்தில் தேங்கியது?

தெற்குவாசல்

சான் கார்லோஸ் அபாச்சி மக்களின் நிலத்தில். நான் அதை விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது. பழைய சான் கார்லோஸ் ஊர் மூழ்கியது, கல்லறைகளின் மேல் காங்கிரீட் போட்டு மூடிவிட்டுத் தண்ணீரைத் தேக்கினார்கள். ஒரு பழங்குடிக்குப் பாசனம் என்று சொல்லி இன்னொரு பழங்குடியின் ஊரை மூழ்கடித்தது. அந்த அபாச்சிகளுக்கு அந்த அணையிலிருந்து கிடைத்தது மிகக் குறைவு.

வெண்மணல் (ஆல்புகர்க்கி, நியூ மெக்சிகோ)

ஹீலா கதையைப் படித்துவிட்டு அமெரிக்காவில் பழங்குடிகளுக்கு நியாயம் கிடைத்துவிடுகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அதனால் நவஹோ பழங்குடியின் பக்கத்தையும் சொல்கிறேன். நான் நீர்வளத் துறையில் வேலை பார்ப்பவள்.

1962இல் ஒரே சட்டத்தில் இரண்டு திட்டங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். ஒன்று நவஹோ மக்களின் 1,10,630 ஏக்கருக்குப் பாசனம். இன்னொன்று சான் ஹுவான் ஆற்றின் தண்ணீரை மலையைக் குடைந்து சுரங்கம் வழியாக ரியோ கிராண்டே பக்கம் கொண்டுவந்து ஆல்புகர்க்கி, சான்டா ஃபே போன்ற ஊர்களுக்குக் கொடுப்பது. நகரத்துக்கான சுரங்கம் 1970களிலேயே முடிந்தது. 2008 முதல் நான் குடிக்கும் தண்ணீரும் அதுதான். நவஹோ பாசனத்துக்கு முதல் தண்ணீர் 1976இல் வந்தது, ஆனால் திட்டம் அறுபது வருடம் தாண்டியும் முழுதாக முடியவில்லை. ஒரே தாளில், ஒரே நாளில் கையெழுத்தானவை. நவஹோ தலைவர்கள் நகரத் திட்டத்துக்கு ஒப்புக்கொண்டதே தங்கள் பாசனம் வரும் என்ற நம்பிக்கையில்தான்.

அப்புறம் பிளாக் மேசா என்ற மேட்டுநிலம். நவஹோ, ஹோப்பி பழங்குடிகளின் நிலத்தில் நிலக்கரி வெட்டி, அதை அரைத்துத் தண்ணீரில் கலந்து, 273 மைல் குழாயில் நெவாடாவில் இருந்த மொஹாவி அனல்மின் நிலையத்துக்குத் தள்ளினார்கள். அதற்கு எடுத்தது பாலைவனத்து நிலத்தடி நன்னீர், ஆண்டுக்கு நூறு கோடி கேலனுக்கு மேல். 2005 முடிவில்தான் நின்றது. ஊற்றுகள் வற்றுகின்றன என்று ஹோப்பி பெரியவர்கள் எத்தனை வருடம் சொன்னார்கள். இன்றும் நவஹோ வீடுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றுக்குக் குழாய் இல்லை, பீப்பாயை வண்டியில் வைத்துப் பல மைல் போய்ப் பிடித்து வருகிறார்கள். நான் அந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு இழையும் இதில் ஓடுகிறது. தெற்குவாசல் சொன்ன மத்திய அரிசோனா கால்வாயின் பம்புகளுக்குப் பல காலம் மின்சாரம் கொடுத்தது பேஜ் ஊரில் நவஹோ நிலத்தில் இருந்த அனல்மின் நிலையம், 2019 வரை. அதற்கும் நிலக்கரி அதே பிளாக் மேசா பக்கத்திலிருந்துதான். குழாய் இல்லாத வீடுகளின் நிலக்கரிதான் ஃபீனிக்ஸ் குழாய்க்குத் தண்ணீர் ஏற்றியது.

2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது: 1868 ஒப்பந்தம் நவஹோவுக்குத் தண்ணீரை ஒதுக்கியது உண்மைதான், ஆனால் அதைக் கொண்டுவந்து சேர்க்க அரசு நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும் என்ற கடமை அதில் இல்லை. வின்டர்ஸ் உரிமை இருக்கிறது, எவ்வளவு என்று அளந்து முடிக்கவில்லை, அதனால் பயன் இல்லை. வனமல்லி சொன்ன 'எண்' இல்லாததன் விளைவு இது. 2024இல் நவஹோ, ஹோப்பி, சான் ஹுவான் தெற்கு பயூட் ஆகிய மூன்று பழங்குடிகளின் மன்றங்களும் அரிசோனாவுடன் ஒரு தீர்வுக்கு ஒப்புதல் கொடுத்தன. ஆனால் அதற்கு நாடாளுமன்றம் சட்டம் போட்டுப் பணமும் ஒதுக்க வேண்டும்.

கொடிவேரியான்

வெண்மணல் அம்மா, இந்தக் கொலராடோ ஆற்றையே முதலில் எப்படிப் பங்கு போட்டார்கள்? பழங்குடிகள் அந்தப் பேச்சில் இருந்தார்களா?

வெண்மணல்

இல்லை அண்ணா. 1922 ஒப்பந்தத்தில் ஏழு மாநிலங்கள், மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி, கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் என்று பிரித்தன. சேர்த்துப் பார்த்தால் சுமார் 650 டிஎம்சி. நல்ல மழைக்காலத்து அளவை வைத்துப் போட்ட கணக்கு, இந்த நூற்றாண்டில் ஆறு சராசரியாக அவ்வளவு தரவே இல்லை. பழங்குடிகளைப் பற்றி ஒரே ஒரு வரி, அமெரிக்க அரசுக்கு அவர்களிடம் உள்ள கடமைகளை இந்த ஒப்பந்தம் பாதிக்காது என்று. அவ்வளவுதான். இன்று படுகையில் 30 பழங்குடிகள், அங்கீகரிக்கப்பட்ட உரிமைகளைக் கூட்டினால் ஆற்றின் ஏறத்தாழ கால் பங்கு. அதில் நிறைய, கால்வாய் இல்லாததால் அவர்களுக்குப் போகாமல் கீழே ஓடி, வேறு யாரோ பணம் கொடுக்காமல் பயன்படுத்துவது.

கணக்குப்பிள்ளை

வனமல்லி அம்மா எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆலையின் வருமானத்தையும் வயலின் வருமானத்தையும் நான் எடை போட்டேன், தராசு என் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு. அது தவறு. குத்தகை என்று நான் சொன்னது அவர்களுக்கே தோன்றாத யோசனையும் இல்லை என்று தேடிப் பார்த்ததில் தெரிந்தது, 2004 தீர்வின் பகுதியாகவே ஃபீனிக்ஸ் உட்படச் சில நகரங்களுக்கு 100 ஆண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் விடமாட்டேன். ஆறு இப்படிக் குறைந்துகொண்டே போனால் முந்தியவர் பிந்தியவர் என்ற வரிசை மட்டும் போதாது. வரிசையில் கடைசியில் இருப்பவனுக்கு ஒன்றுமே இல்லை என்றால் அவன் நிலத்தடியில் துளை போடுவான். 2022இல் கொலராடோ தண்ணீரை வெட்டியபோது பினால் மாவட்ட விவசாயிகளுக்கு அதுதான் நடந்தது, பாவம் அவர்களும் குடும்பம்தான்.

தெற்குவாசல்

அது நியாயமான கவலை, என்னிடம் முழுப் பதில் இல்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

2021 ஆகஸ்டில் கொலராடோவில் முதல்முறையாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். 2022இல் அரிசோனாவுக்கு 5,12,000 ஏக்கர்-அடி, 22 டிஎம்சிக்கு மேல், வெட்டு. அடி முதலில் விழுந்தது பினால் விவசாயிகள் மேல். அப்போது கொலராடோவின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது, எல்லோரும் பயந்திருந்தோம். 2023 ஏப்ரலில் ஹீலா சமூகம் ஆண்டுக்கு 1,25,000 ஏக்கர்-அடி வரை, மூன்று ஆண்டுக்கு, தங்கள் பங்கை எடுக்காமல் ஏரியிலேயே விட ஒப்புக்கொண்டது. கூட்டரசு அதற்கு 15 கோடி டாலர் கொடுக்க முன்வந்தது, கழிவுநீரை வயலுக்குக் கொண்டுவரும் குழாய்க்கு இன்னும் 8.3 கோடி. ஆளுநர் ஸ்டீஃபன் ரோ லூயிஸ், பழங்குடிச் சமூகத்தின் தலைவரை அங்கே ஆளுநர் என்பார்கள், கையெழுத்துப் போட்டவர் அவர். இந்த நீர் வழக்கை நடத்திய வழக்கறிஞர் ராட்னி லூயிஸின் மகன். நூறு வருடம் தண்ணீர் மறுக்கப்பட்டவர்கள், ஏரி வற்றும் நேரத்தில் தங்கள் தண்ணீரால் நகரத்தையும் ஆலையையும் தாங்கிப் பிடித்தார்கள். பணம் வாங்கினார்கள்தான், ஏன் வாங்கக் கூடாது?

கொடிவேரியான் அண்ணா ஒரு தனிச் செய்தியில், தண்ணீர் கிடைத்த பிறகும் நிலம் நிறையத் தரிசாகக் கிடப்பது ஏன் என்று கேட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசு அவர்கள் பொது நிலத்தைத் தலைக்குப் பத்து ஏக்கர் பாசன நிலம் என்று துண்டு போட்டது. அப்பா, பிள்ளை, பேரன் என்று வாரிசு பெருகி, இன்று ஒரு பத்து ஏக்கருக்குப் பல பத்துப் பேர் பங்காளிகள், சில துண்டுகளுக்கு நூற்றுக்கு மேல். யாரிடம் கையெழுத்து வாங்கி உழுவது? நம் ஊர்க் கூட்டுப் பட்டாவை நினைத்துக்கொள்ளுங்கள், அதைவிடச் சிக்கல். அப்புறம், இரண்டு மூன்று தலைமுறை உழாமல் இருந்த வீட்டில் மடை மாற்றத் தெரிந்த ஆள் இருக்கமாட்டான். தண்ணீரைத் தீர்ப்பில் திருப்பிக் கொடுத்துவிடலாம், அந்தக் கைப்பழக்கத்தை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

ஆனாலும் உழுகிறார்கள். அவர்கள் பண்ணையில் டெப்பரி என்ற சிறிய பயறு வாங்கினேன், வெள்ளையிலும் பழுப்பிலும் வரும், இந்த மண்ணின் பழைய பயிர், மிகக் குறைந்த தண்ணீரில் விளையும். என் மனைவி அதில் தட்டைப்பயறு மாதிரி குழம்பு வைத்தாள், வேக நேரம் எடுக்கிறது, முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். வாய்க்காலின் மேல் சூரியத் தகடுகள் பதித்திருக்கிறார்கள், 2024இல் முடித்தது, அமெரிக்காவில் அதுதான் முதல். குஜராத்தில் 2012இலேயே நர்மதா கால்வாய் ஒன்றின் மேல் செய்ததுதான், ஆவியாவது குறையும், மின்சாரமும் கிடைக்கும்.

புதுவரவு

அந்த மணல் ஆற்றில் எங்காவது தண்ணீரைப் பார்க்க முடியுமா அண்ணா? பார்க்க வேண்டும் போல் இருக்கிறது.

தெற்குவாசல்

ஓரிடத்தில் இருக்கிறது. தங்கள் பங்குத் தண்ணீரில் கொஞ்சத்தை நிலத்தடியில் இறங்கட்டும் என்று ஆற்றுப்படுகையிலேயே விடுகிறார்கள், 2015 முதல். மார்-5 என்று பெயர். தண்ணீர் விட்ட பிறகு கோரையும் நாணலும் வில்லோ மரங்களும் தானாக முளைத்து, பறவைகள் வந்துவிட்டன. கூடை முடையும் பெண்கள், வெளியில் எங்கும் கிடைக்காமல் போயிருந்த செடிகளை அங்கே வந்து பறிக்கிறார்கள். பணக் கணக்கில் பார்த்தால் அந்தத் தண்ணீரைக் குத்தகைக்கு விட்டிருக்கலாம்.

அது அவர்கள் நிலம், நாமாகப் போய் இறங்கக் கூடாது, சமூகத்தின் அலுவலகத்தில் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். நான் ஒருமுறை அவர்கள் ஏற்பாடு செய்த நடைப்பயணத்தில் போனேன். கூட வந்த ஒரு முதியவர் கரையில் உட்கார்ந்து கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் எடுக்கவே இல்லை. அடுத்த முறை அறிவித்தால் இங்கே எழுதுகிறேன் தம்பி, டெம்பியிலிருந்து நானே வந்து அழைத்துப் போகிறேன். அந்த ஆலைப் பையனும் வருவதாகச் சொல்லியிருக்கிறான்.